யு இல்லாத கலர்

ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் சீட்டக்காதான். வேலைப் பதிவேட்டில் மட்டும் அவளுக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் உட்கார்ந்த நாற்காலி மூன்று முறை உடைந்து மூன்று முறை மாற்றப்பட்டது. மூன்று நாற்காலிகளும் நிரந்தரப் பதிவேட்டில் இருந்தன.

அவள் ஜன்னலில் ஒரு நாளைக்கு நானூறு பேர் வந்து நின்றார்கள். நானூறு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “டாக்டர் எந்த ரூம்ல?” எலும்பு டாக்டர் திங்கட்கிழமை பதினாலாம் அறையில் இருப்பார், செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிக்குப் போய்விடுவார். கண் டாக்டர் எங்கே இருப்பார் என்று கண் டாக்டருக்கே காலை பத்து மணிக்குத்தான் தெரியும். சொல்லிச் சொல்லிச் சீட்டக்காவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

எக்ஸ்ரே எடுப்பவர்தான் அவளுக்கு வழி காட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில், இணையப் பக்கம் கட்ட ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தார்.

“ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. நான் எடுக்கற படத்துல தெரியுது பாருங்க எலும்பு, அது ஹெச்.டி.எம்.எல். தெரியாம மேல மூடியிருக்கிற சதை, தோல், நிறம் எல்லாம் சி.எஸ்.எஸ். மொதல்ல எலும்பை நிறுத்துங்க. அப்புறம் சதையைப் போடலாம்.”

சீட்டக்கா எலும்பை நிறுத்தினாள், சதையைப் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம் பிறந்தது. மேலே கருநீலப் பட்டையில் வெள்ளை எழுத்தில் தேதி. இடது பக்கம் ஒடுக்கமான பத்தியில் எந்த நோய்க்கு என்று. வலது பக்கம் அகலமான பத்தியில் டாக்டர், அறை எண், மாடி. கடைசியில் ஆம்புலன்ஸ் எண். சின்ன போனில் பார்த்தால் இரண்டு பத்தியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானே அடங்கிக்கொள்ளும். முதல் நாள் ஒரு கிழவர் போனைப் பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் நேராகப் படி ஏறிப் போனார். ஜன்னலை மூடிவிட்டு அவர் பின்னாலேயே போய்ப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

பக்கம் ஐந்து மாதம் ஓடியது. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு விஷயம் ஐந்து மாதம் ஓடினால் அதற்கு ஒரு சுற்றறிக்கை வரும். வந்தது.

சான்றிதழ் இல்லாதவர்கள் கட்டிய பக்கங்களை உடனே அகற்றவேண்டும். கம்ப்யூட்டரைத் தொடும் தற்காலிகப் பணியாளர்கள் வருஷ முடிவுக்குள் ‘பக்க வடிவமைப்பு அடிப்படைச் சான்றிதழ்’ வாங்கினால் நிரந்தரம், வாங்காவிட்டால் வீட்டுக்கு. சான்றிதழ் கொடுக்கும் உரிமை பக்க வடிவமைப்புத் தேர்வு வாரியத்துக்கு மட்டுமே.

பெரிய டாக்டர் சுற்றறிக்கையை அவளிடம் நீட்டினார். “உன் பக்கம் நல்லாதாம்மா இருந்தது. அதான் கண்ணுல பட்டிருக்கு.”

“எடுத்துடட்டுமா சார்?”

“எடுத்துடு. பரீட்சை எழுது. உனக்குத் தெரியாததா? போனோமா வந்தோமான்னு முடிஞ்சுடும்.”

வாரியம் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. அது முன்பு டைப்ரைட்டிங் தேர்வு நடத்திய அமைப்பு. டைப்ரைட்டர்கள் ஒழிந்த பிறகும் அதிகாரிகள் ஒழியவில்லை. ஆகவே தேர்வை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கூடத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணி போர்த்திய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அருகில் ‘தொடாதீர்’ என்று எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே கோடு வேறு.

தேர்வுக்கு முன் நாற்பது மணி நேரம் வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும். முதல் வகுப்பில் வாரியத் தலைவர் பேசினார். வாட்டசாட்டமான மனிதர். பேசும்போது சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாக்களையும் மாறி மாறித் தொட்டுக்கொள்வார்.

“இங்க வந்திருக்கிறவங்கள்ல சில பேர் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல பழகியிருப்பீங்க. அதை முதல்ல மறந்துடுங்க. கம்ப்யூட்டர்ல என்ன கெடுதல் தெரியுமா? தப்புப் பண்ணா உடனே காட்டிக் குடுத்துடும். நீங்களும் உடனே திருத்திடுவீங்க. எல்லாரும் அப்படித் தானாவே திருத்திக்கிட்டா, திருத்தறதுக்குன்னு நாங்க முப்பத்தாறு பேர் இருக்கோமே, நாங்க எங்க போறது?”

எல்லோரும் கை தட்டினார்கள். வருகைப் பதிவேட்டில் ‘கைதட்டல்’ என்று ஒரு பத்தி இருந்ததைச் சீட்டக்கா பிறகுதான் பார்த்தாள்.

பாடம் காகிதத்தில் நடந்தது. பாடப் புத்தகம் தலைவரே எழுதியது. பக்கம் என்றால் தாள். பெட்டி என்றால் ஸ்கேல் வைத்துப் போடுகிற பெட்டி. மார்ஜின் என்றால் சிவப்புப் பென்சில், பேடிங் என்றால் பச்சைப் பென்சில். பாடம் நடத்தியவர் அளவு அதிகாரி என்ற பதவியில் இருந்த ஒல்லியான மனிதர். பரீட்சைக் கூடத்திலும் மேற்பார்வை அவர்தான்.

“நிறம், அளவெல்லாம் சொல்ற ஸ்டைல் ஷீட் தனியா இருக்கணும்னு சிலபஸ் சொல்லுது. அதனால தனித் தாள்ல எழுதணும்,” என்றார். “ரெண்டு தாளையும் லிங்க் பண்ணணும். லிங்க்னா நூல். வெள்ளை நூல். கலர் நூல்ல லிங்க் பண்ணா அஞ்சு மார்க் போச்சு.”

சீட்டக்கா கையைத் தூக்கினாள். “சார், லிங்க்னா ஃபைலோட பேரை எழுதறது இல்லையா?”

“பேரை எழுதினா தாள் ஒட்டிக்குமா?”

“ஒட்டாது சார்.”

“அப்புறம்?”

அவள் உட்கார்ந்துகொண்டாள். திரையில் ஒரு புள்ளியான பிக்ஸல் என்பது ஒரு மில்லிமீட்டர் என்று வாரியம் தீர்மானம் போட்டிருப்பதும் அன்றைக்கே தெரிந்தது. பிக்ஸல் எவ்வளவு பெரியது என்று யாரோ ஒருவர் எப்போதோ கேட்டிருக்கிறார். பதில் தெரியவில்லை என்று சொல்வதைவிடத் தீர்மானம் போடுவது சுலபமாக இருந்திருக்கிறது. ஆனால் அதனால் ஆயிரம் பிக்ஸல் அகலப் பக்கம் ஒரு மீட்டர் நீளத்துக்குப் போனது. தாள்களைப் பசை போட்டு ஒட்டித்தான் ஆகவேண்டும்.

வீட்டில் அவளுடைய நாத்தனார் ஒட்ட உதவினாள். துணி தைக்கும் ஆலையில் வேலை செய்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

“அண்ணி, இந்தப் பேடிங்கறது நாங்க தையலுக்குன்னு ஓரத்துல விடற துணிதானே?”

“கிட்டத்தட்ட அதேதான்.”

“அதுக்குப் பச்சைப் பென்சிலா? எங்க சூப்பர்வைசரை நான் அநியாயத்துக்குத் திட்டிட்டேன் அண்ணி. அவர் தங்கமான மனுஷர்.”

பரீட்சை நாளில் நூற்றிருபது பேர் ஒரு மீட்டர் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாதித் தாள் மேஜையில், பாதி மடியில், மிச்சம் அடுத்தவர் முதுகில். தாள் பறக்கும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: ‘மேலே ஒரு தலைப்புப் பட்டை, இடமும் வலமும் இரு பத்திகள், கீழே ஒரு அடிப்பட்டை கொண்ட பக்கத்தைக் கட்டுக.’ படித்ததும் சீட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய ஆஸ்பத்திரிப் பக்கமேதான். ஐந்து மாதம் கண்ணை மூடிக்கொண்டு திருத்தியதை இப்போது கண்ணைத் திறந்துகொண்டு எழுதினாள். எழுதும்போது பக்கத்து வரிசையில் ஒரு ஆள் வியர்வையில் தாள் நைந்து இரண்டாகக் கிழிந்துபோனதைப் பிடித்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தார். அளவு அதிகாரி வந்து பார்த்து, ‘பக்கம் உடைந்தது’ என்று குறித்துக்கொண்டு போனார்.

சீட்டக்காவுக்கு முப்பத்தொன்று மார்க். தோல்வி.

காரணக் குறிப்பு இணைத்திருந்தார்கள். இடது பத்தியின் அகலம் முப்பது சதவீதம் என்று எழுதியிருக்கிறார். சதவீதத்தைக் காட்டும் ஸ்கேல் வாரியத்தில் இல்லாததால் அளக்க முடியவில்லை. போனில் பார்த்தால் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் என்று எழுதியிருக்கிறார். தாளைப் பல கோணத்தில் பிடித்துப் பார்த்தும் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்தைச் சொல்லும் ‘கலர்’ என்ற ஆங்கிலச் சொல்லை எட்டு இடங்களில் ‘யு’ என்ற எழுத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். எழுத்துப் பிழைக்கு இடத்துக்கு ஐந்து வீதம் நாற்பது மார்க் குறைப்பு.

அவள் குறிப்பை எக்ஸ்ரேக்காரரிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“அக்கா, இங்கிலீஷ் பாடத்துல யு போட்டு எழுதறவங்க உண்டு. அது அவங்க இஷ்டம். ஆனா சி.எஸ்.எஸ்.ல யு போட்டா கம்ப்யூட்டருக்கு அது கலரே இல்ல. கண்டுக்காமப் போயிடும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“அவங்க புத்தகத்துல யு இருக்கு.”

“புத்தகத்தை யாராவது கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாத்திருக்காங்களா?”

“கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க.”

அவள் மேல்முறையீடு செய்தாள். தலைவர், செயலர், அளவு அதிகாரி மூவரும் கூடத்தில் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். செயலர் கண்ணாடி போட்ட அம்மாள். தலைவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வார், சொல்லாததையும் எழுதிக்கொள்வார். சீட்டக்காவுக்கு நாற்காலி இல்லை.

“சார், நான் சொன்னா நம்பவேணாம். இந்த போன்லயே பாருங்க. யு இல்லாம எழுதினா எழுத்து சிவப்பா வருது. யு போட்டா கறுப்பாவே நிக்குது.”

தலைவர் போனைக் கையில் வாங்கவில்லை. அளவு அதிகாரி வாங்கி, அதன் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்மா,” என்றார் தலைவர், “நான் படிக்கிற காலத்துல யு விட்டுட்டா வாத்தியார் முட்டி போட வைப்பார். வெயில்ல. இந்த யு-வுக்காக நான் முழங்கால் தேஞ்சிருக்கேன். நீ என்னடான்னா எட்டு இடத்துல சர்வசாதாரணமா விட்டுட்டு வந்து நிக்கற. உன் போன் கெட்டுப்போயிருக்கும்.”

“அப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல பாத்துடலாம் சார்.”

அவள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். செயலர் பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் தன் மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்திருக்கவேண்டும், “திறங்க,” என்றார்.

சாவி தேடவே ஒரு மணி நேரம் ஆனது. வெல்வெட்டை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து எடுத்தார்கள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு கண் விழித்தது. சீட்டக்கா இரண்டு வரி அடித்தாள். யு போட்ட வரி கறுப்பாகவே இருந்தது. யு இல்லாத வரி செக்கச்செவேல் என்று சிவந்தது. வேடிக்கை பார்க்க வந்த குமாஸ்தாக்களில் ஒருவர் “அட!” என்றார். அவரைப் பிறகு வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

தலைவர் திரையைப் பார்த்தார். பிறகு செயலரைக் கேட்டார்: “இந்த மெஷின் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?”

“பதினொண்ணு சார்.”

“நம்ம சிலபஸ்?”

“அது ஆச்சு சார், பத்தொன்பது.”

“அப்ப யார் சீனியர்?”

“சிலபஸ்தான் சார்.”

“ஜூனியர் சொல்றதை சீனியர் கேக்கணுமாம். இந்தம்மா சொல்றாங்க,” என்று தலைவர் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் சிலபஸுக்கு ஒத்துவராததால் பழுது பார்க்க அனுப்பப்படுகிறது என்றும், விண்ணப்பதாரர் வாரியத்தின் உபகரணத்தைத் தம் பக்கம் சாட்சி சொல்லத் தூண்டியிருக்கிறார் என்றும், மேல்முறையீடு தள்ளுபடி என்றும் செயலர் எழுதினார். மறுதேர்வு இரண்டு மாதம் கழித்து. வருஷ முடிவுக்கு முன் அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்து அவள் புத்தகத்தை மேஜையில் போட்ட சத்தத்தில் நாத்தனார் தையல் மெஷினை நிறுத்தினாள். சீட்டக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். தலைவரின் புகைப்படம் மட்டும் ஒன்பது இடத்தில் இருந்தது.

“நான் எழுதமாட்டேங்க. தப்புன்னு தெரிஞ்சே எப்படி எழுதறது?”

“இங்க பாரு. லைசென்ஸ் எடுக்கறப்போ என்னை ரிவர்ஸ்ல எட்டுப் போடச் சொன்னாங்க. போட்டேன். இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். ஒரு நாளாவது ரிவர்ஸ்ல எட்டுப் போட்டிருக்கேனா? போட்டா ஜனங்க என்னை சும்மா விடுவாங்களா?”

“அது சும்மா தேவையில்லாதது. இது தப்பு.”

“ஒன்பது வருஷம்,” என்றார் அவர்.

அவள் எழுதிப் பழகினாள். யு போட்டு நூறு தடவை, இருநூறு தடவை. கை கேட்கவில்லை, ஓ எழுதியதும் தானாக ஆர் எழுதப் போனது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் “யு!” என்று கத்தினாள். ஒரு வாரத்தில் கத்தாமலே வந்தது. அன்றைக்குச் சீட்டக்கா சாப்பிடவில்லை.

மறுதேர்வில் அவளுக்குத் தொண்ணூற்றாறு. வாரியத்திலேயே முதல் மதிப்பெண். மேடைக்குக் கூப்பிட்டுத் தலைவர் கையால் சான்றிதழ் கொடுத்தார்கள்.

“இவங்க முதல் தடவை கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனாங்க,” என்று தலைவர் மைக்கில் சொன்னார். “ரெண்டாவது தடவை பெரியவங்க பேச்சைக் கேட்டாங்க. வித்தியாசத்தைப் பாருங்க!”

சீட்டக்கா கும்பிட்டுவிட்டு இறங்கினாள். அடுத்த மாதம் நிரந்தரமானாள். நான்காவது நாற்காலியும் வந்தது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கம் இல்லாமல் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வாரியமே முன்வந்து, தன் கையாலேயே, தன் புத்தகப்படியே ஒரு மாதிரிப் பக்கம் கட்டிக் கொடுத்தது. தாளில் எழுதியதை ஒரு தட்டச்சர் எழுத்துப் பிசகாமல் அடித்தார். திறப்பு விழாவுக்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெரிய திரை வைத்து, திரைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். தலைவர் ரிப்பனை வெட்டினார்.

திரை முழுக்கக் கருநீலம். வேறு ஒன்றும் இல்லை.

பின்னணிக்குக் கருநீலம் என்று எழுதிய வரியில் கலர் என்ற சொல் வராததால் அது மட்டும் வேலை செய்திருந்தது. எழுத்து வெள்ளை என்று சொன்ன இடத்திலெல்லாம் யு உட்கார்ந்திருந்தது. ஆகவே எழுத்துகள் கறுப்பாகவே நின்றன, கருநீலத்தின் மேல். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையிலிருந்த பெரிய டாக்டர் மெதுவாக, “சார், ஒண்ணுமே தெரியலையே?” என்றார்.

“பொறுமையா பாருங்க டாக்டர். தெரியும்,” என்றார் தலைவர். “எடுத்த எடுப்புல தெரிஞ்சுட்டா அது கடை விளம்பரம். ஒரு நிறுவனத்தோட பக்கம்னா ஜனங்க கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் பாக்கணும். அப்பதான் மதிப்பு.”

பக்கத்தைப் பராமரிக்கும் பொறுப்பு, சான்றிதழ் பெற்றவள் என்பதால், சீட்டக்காவுக்கு வந்தது. உத்தரவில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: டாக்டர் பெயரும் அறை எண்ணும் மாற்றலாம், வேறு ஒரு எழுத்தும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஜனங்கள் போனை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கண் டாக்டர் எந்த அறை என்று கேட்டார். ஜன்னலில் மறுபடியும் நானூறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அப்போதும் சீட்டக்கா உத்தரவுப்படி இருந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வேலை. அதை விடுவதற்கு அவள் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கை ஒடிந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். அறை எண்ணைச் சீட்டக்கா சொல்லத்தான் செய்தாள். கூட்டத்தின் இரைச்சலில் அந்தத் தாய்க்கு ‘பதினாலு’ என்று காதில் விழுந்திருக்கிறது. பதினாலுக்குப் போனாள். பூட்டியிருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். கருநீலம். இரண்டாம் மாடிக்குப் போனாள், பழைய கட்டடத்துக்குப் போனாள், கடைசியில் மூன்றாம் மாடியைக் கண்டுபிடித்தபோது எலும்பு டாக்டர் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள். சண்டை போடுவாள் என்று சீட்டக்கா எதிர்பார்த்தாள். அவள் போடவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியும்க்கா,” என்றாள். “நல்லாப் படிப்பேன். இதுல எனக்கு எதுவும் தெரியல. எனக்குத்தான் பாக்கத் தெரியலியா?”

குழந்தை அழுது அழுது ஓய்ந்து, வீங்கிய கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது.

சீட்டக்கா எழுந்துபோய் அவசரப் பிரிவு டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். குழந்தைக்குக் கட்டுப் போட்டதும் ஜன்னலுக்குத் திரும்பினாள். பக்கத்தைத் திறந்தாள். யு-வைத் தேடினாள். ஒன்பது இருந்தன. ஒன்பதையும் அழித்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கருநீலத்தின் மேல் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று வந்து நின்றன.

பத்தொன்பது நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காரணம் எளியது. தாங்கள் கட்டிய பக்கத்தை வாரியத்தில் யாரும் பார்ப்பதில்லை. இருபதாம் நாள் ஒரு விபரீதம் நடந்தது. வாரியத்தின் தொலைபேசி எண்ணும் பக்கத்தின் அடியில் இருந்தது. இப்போது அதுவும் தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த எண்ணுக்குப் போன் செய்து, “பக்கம் ரொம்ப உபயோகமா இருக்குங்க, நன்றி,” என்று சொல்லிவிட்டார். மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர்.

செயலர் பதறிக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினார். “சார், பாராட்டு வந்திருக்கு.”

“நமக்கா?”

“நமக்குத்தான் சார். நாலு.”

“யார் அனுமதிச்சது?”

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய டாக்டரின் அறையில் விசாரணை நடத்தினார்கள். பக்கத்தைக் கட்டிய வரிகளைத் தாளில் அச்சிட்டு ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்பது யு காணாமல் போனதை அளவு அதிகாரி கண்டுபிடித்தார். பெரிய டாக்டர் தன் அறையிலேயே விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“நீ தொண்ணூத்தாறு மார்க் வாங்கினவ,” என்றார் தலைவர். கோபத்தைவிட வருத்தம்தான் குரலில் இருந்தது. “உனக்கே யு எங்க வரும்னு தெரியும். தெரிஞ்சே எடுத்திருக்க.”

“எடுத்தாத்தான் சார் தெரியுது. ஜனங்க படிக்கறாங்க. அலையாம போறாங்க.”

“இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. ஒரு பக்கம் தெரியணுமா, சரியா இருக்கணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். “இல்லம்மா. அது ரெண்டும் வேற வேற. அதைப் பிரிச்சு வெக்கிறதுக்குத்தான் வாரியமே இருக்கு. எல்லாரும் தெரியறதையே சரின்னு நெனைச்சுட்டா நாளைக்கு எவன் வேணாலும் பக்கம் கட்டுவான். எல்லாம் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எங்களை யார் மதிப்பா?”

செயலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நன்றாக இருந்ததால் அடிக்கோடும் இட்டார்.

யு-க்களைத் திரும்பப் போடவேண்டும், அவளுடைய நிரந்தரம் ஒரு வருஷம் நிறுத்திவைக்கப்படும், எழுத்து மூலம் மன்னிப்புக் கடிதம் தரவேண்டும், தராவிட்டால் சான்றிதழ் ரத்து என்று தீர்ப்பானது. சீட்டக்கா பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் மேஜைமேலிருந்த குண்டூசி டப்பாவைத் திறந்து மூடினார்.

அவள் அங்கேயே நின்றபடி ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தாள்:

‘நான் பராமரித்த பக்கம் பத்தொன்பது நாட்கள் மக்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் அதைப் படித்து, போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டார்கள். இது முழுக்க முழுக்க என் தவறு. வாரியத்தில் வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.’

பெரிய டாக்டர் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு இருமினார். இருமல் அடங்க நேரம் ஆனது. தலைவர் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

“இதுதான் வேணும். பூசி மெழுகாம எழுதியிருக்க. ‘வாரியத்தில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை’ — பாத்தீங்களா, பொறுப்புணர்ச்சி!”

அந்தக் கடிதம் கண்ணாடிச் சட்டம் போடப்பட்டு வாரியத்தின் கூடத்தில், கம்ப்யூட்டர் இருந்த இடத்தில், மாட்டப்பட்டது. தேர்வு எழுத வருகிறவர்கள் அதன் முன் நின்று படிக்கிறார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று செயலர் பதிவு செய்திருக்கிறார்.

பக்கம் மறுபடியும் கருநீலமானது. சீட்டக்கா இப்போது ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் பேனாவால் அறை எண்ணும் மாடியும் எழுதிக் கொடுக்கிறாள். நாளைக்கு நானூறு. கை வலிக்கிறது. எக்ஸ்ரேக்காரர் வேலை முடிந்ததும் வந்து பாதியை எழுதுகிறார்.

வருஷ முடிவில் வாரியத்தின் ஆண்டறிக்கை எல்லா அலுவலகங்களுக்கும் வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் தலைவர். சீட்டக்கா ஆஸ்பத்திரிக்கு வந்த பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் ஒரு கையால் அதைப் புரட்டி, பதினேழாம் பக்கத்தில் நிறுத்தி, அண்ணனுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்:

“இவ்வாண்டில் வாரியத்தின் பராமரிப்பில் இருந்த பக்கங்கள் இருநூற்று நாற்பது. அவற்றில் ஒரே ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. புகார் வந்தவுடன் அதுவும் சரிசெய்யப்பட்டது.”